புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை: ஆசியாவுக்கு எதற்கு ஒரு யூரோவிஷன்?

ஐரோப்பாவில் ஒரு திருவிழா நன்றாக நடந்தால் போதும். ஆசியாவில் அதற்கு ஒரு ஜெராக்ஸ் காப்பி எடுத்தே தீர வேண்டும் என்று சிலருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். யூரோவிஷன் பாட்டுப் போட்டி விஷயத்தில் பல வருடங்களாக இதுதான் நடக்கிறது. "துருக்கியிலிருந்து ஜப்பான் வரை, மங்கோலியாவிலிருந்து நியூசிலாந்து வரை நாட்டுக்கு ஒரு பாட்டு அனுப்பட்டும். மக்கள் ஓட்டுப் போடட்டும். ஜெயித்த நாடு அடுத்த வருடம் போட்டியை நடத்தட்டும். ஆசியாவும் பசிபிக்கும் ஒரே குடும்பம் ஆகிவிடும்!" என்கிறார்கள்.

கேட்க இனிக்கிறது. ஆனால் இனிப்பதெல்லாம் உடம்புக்கு நல்லதா என்ன? இந்தப் போட்டி ஒருவரையும் சேர்த்து வைக்காது. இருக்கிற சண்டைகளுக்கு இசையமைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் வரலாறு

இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினோரு வருடம் கழித்து, 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரத்தில் முதல் யூரோவிஷன் நடந்தது. ஏழே நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு. இத்தாலியின் சான் ரெமோ பாட்டு விழாவைப் பார்த்து உருவான யோசனை அது. பல நாடுகளின் டிவி நிலையங்களை ஒரே நேரத்தில் இணைத்து நேரடி ஒளிபரப்பு செய்ய முடியுமா என்று சோதித்துப் பார்ப்பதும் ஒரு நோக்கம். அந்தக் காலத்தில் அது பெரிய தொழில்நுட்ப சாகசம்.

அதாவது, ஐரோப்பாவில் அன்று ஒரு தேவை இருந்தது. ஒன்றையொன்று அடித்து நொறுக்கிய நாடுகள் ஒரே பொருளாதாரக் குடும்பமாக மாறத் தொடங்கியிருந்த நேரம். அந்த மண்ணில் அந்த விதை முளைத்தது. ஆசியாவில் அப்படி ஒரு ஒன்றியம் இல்லை, பொதுச் சந்தை இல்லை, எல்லைகளில் கெடுபிடி குறையவும் இல்லை. விதையை மட்டும் இறக்குமதி செய்தால் முளைக்குமா?

முளைக்கவில்லை என்பதற்கு சாட்சியும் இருக்கிறது. 2008-ல் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் ஆசிய பசிபிக் போட்டிக்கான உரிமையை சிங்கப்பூரில் இருந்த ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது. 'அவர் சவுண்ட்' என்று பெயரும் வைத்தார்கள். தேதி தள்ளிப்போனது, ஊர் மாறியது, கடைசியில் போட்டியே நடக்கவில்லை. 2016-ல் ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி மறுபடி கிளம்பியது. 2017-ல் முதல் போட்டி, இருபது நாடுகள் வரை வரும் என்றார்கள். கோல்டு கோஸ்ட் நகரத்தில் நடக்கும் என்று பேச்சு எழுந்தது. 2021-ல் அந்தத் திட்டத்தையும் கைவிட்டார்கள். இரண்டு முறை சுட்டும் ஆசை மட்டும் அடங்கவில்லை.

"அது நிர்வாகக் கோளாறு, சரியாக நடத்தினால் ஜெயிக்கும்" என்று ஒருவர் சொல்லலாம். சரி, வைத்துக்கொள்ளலாம். எல்லாம் சரியாக நடந்து, போட்டி ஜாம் ஜாம் என்று ஆரம்பித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

ஒரு நாடு, ஒரு பாட்டு... எந்தப் பாட்டு?

இந்தியா ஒரு பாட்டு அனுப்ப வேண்டும். எந்த மொழியில்? அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலேயே 22 மொழிகள் இருக்கின்றன. இந்தியில் அனுப்பினால் சென்னையில் கேள்வி வரும், தமிழில் அனுப்பினால் லக்னோவில் வரும். அப்படியே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் சந்தாலி மொழிக்கும் போடோ மொழிக்கும் எந்த நூற்றாண்டில் முறை வரும்?

இலங்கையைப் பாருங்கள். 2016 பிப்ரவரி 4 அன்று சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டபோது அது தலைப்புச் செய்தி ஆனது. 2020 விழாவில் மறுபடி சிங்களத்தில் மட்டும் பாடினார்கள். சொந்த தேசிய கீதத்தையே இரண்டு மொழியில் பாடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாத ஒரு நாடு, மூன்று நிமிடத்தில் தன்னை உலகத்துக்குக் காட்டும் பாட்டை எந்த மொழியில் அனுப்பும்? விடை தெரிந்த கேள்விதான் அது.

பாப்புவா நியூ கினியில் எண்ணூறுக்கும் மேல் மொழிகள். வனுவாட்டுவில் நூறுக்கும் மேல். இந்த நாடுகளுக்கெல்லாம் "ஒரு பாட்டு" என்ற சட்டம் ஒரு மொழியைத் தூக்கி நிறுத்தி மற்றவற்றின் வாயைப் பொத்தும் சட்டம். ஐரோப்பாவிலும் சிறுபான்மை மொழிகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு மொழிக்கு ஒரு நாடு என்று கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். இங்கே நாடுகளின் கோட்டைக் கிழித்ததே முக்கால்வாசி வெள்ளைக்காரன்! அவன் கிழித்த கோட்டுக்குள் ஒரே ஒரு குரலைத் தேடு என்பது என்ன நியாயம்?

அடுத்த கேள்வி: அந்தப் பாட்டை யார் தேர்ந்தெடுப்பார்கள்? இந்த மாதிரிப் போட்டிகளில் நாட்டின் தொலைக்காட்சி நிறுவனம்தான் தேர்ந்தெடுக்கும். ஆசியாவில் பாதி இடங்களில் அதற்குப் பெயர் அரசாங்கம்.

அரசாங்கம் "நாட்டுக்கு உகந்த பாட்டு எது" என்று முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. சாஸ்திரிய சங்கீதத்தைக் கேட்டு மக்கள் உயர வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு சுருங்கிப்போனது. மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் முள்ளைத் திருப்பி இலங்கையைப் பிடித்தார்கள்! அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா ரேடியோ சிலோனில் ஆரம்பித்ததும் அதே 1952-ல்தான். இந்திப் பாட்டைக் கேட்க இந்தியாக்காரன் கொழும்பு அலைவரிசைக்குப் போனான். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தது. கடைசியில் 1957-ல் விவித பாரதியைத் தொடங்கி அரசு வழிக்கு வந்தது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டு எல்லை தாண்டியது, ஆனால் அதை எந்த அரசாங்கமும் தாண்ட வைக்கவில்லை. அரசாங்கம் தடுத்ததால்தான் தாண்டியது!

ஓட்டு என்கிற கத்தி

"மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், ஜனநாயகம்தானே?" என்று கேட்கலாம். பாட்டுக்கு ஓட்டுப் போடச் சொன்னால் மக்கள் பாட்டுக்கு மட்டும்தான் ஓட்டுப் போடுவார்கள் என்று நினைப்பது பச்சைக் குழந்தைத்தனம்.

2007-ன் இந்தியன் ஐடல் ஞாபகம் இருக்கிறதா? டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங் என்ற கொல்கத்தா போலீஸ்காரர் ஜெயித்தார். அவருக்காக மலையே திரண்டு எஸ்.எம்.எஸ். அனுப்பியது. பூத் போட்டு, பணம் வசூலித்து, ஊர் ஊராக ஓட்டுச் சேகரித்தார்கள். அவர் ஜெயித்த பிறகு ஒரு ரேடியோ நிகழ்ச்சியில் நேபாளி மக்களைக் கேலி செய்து யாரோ உளற, சிலிகுரியில் கலவரம் வெடித்தது. ரசிகர்களைத் திரட்டியவர்களில் முன்னணியில் இருந்த பிமல் குருங், அதே வருடம் கூர்க்கா ஜன்முக்தி மோர்ச்சா என்ற கட்சியையே ஆரம்பித்தார். தனி கூர்க்காலாந்து கோரிக்கை புதிய வேகம் எடுத்தது.

கோரிக்கை சரியா தவறா என்பது இங்கே பேச்சு இல்லை. ஒரு பாட்டு நிகழ்ச்சியின் ஓட்டு எவ்வளவு சீக்கிரம் இன அடையாளமாகவும், அடையாளம் எவ்வளவு சீக்கிரம் தெருச் சண்டையாகவும் மாறுகிறது என்பதுதான் பேச்சு. அது ஒரே நாட்டுக்குள் நடந்த போட்டி. கொடி கிடையாது, எல்லை கிடையாது, ராணுவம் கிடையாது. அதற்கே இந்த நிலைமை. அதே மேடையில் இந்தியாவும் பாகிஸ்தானும், சீனாவும் தைவானும், இரண்டு கொரியாக்களும் நின்றால்?

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இன்னொரு பக்கமும் உண்டு. அதே போட்டியில் இரண்டாவதாக வந்த அமித் பால் ஷில்லாங்கைச் சேர்ந்த வங்காளி. பழங்குடிகளுக்கும் வெளியாட்களுக்கும் நெடுநாள் பகை இருந்த அந்த ஊர் அவருக்காக ஒன்றாகக் கைதட்டியது. ஆக, பாட்டு சேர்த்தும் வைக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அங்கே ஒன்றுசேர்ந்தது, "நம்ம ஊர் பையன் மற்றவர்களைத் தோற்கடிக்க வேண்டும்" என்பதற்காகத்தான். உள்ளே ஒட்டிய பசை வெளியே வெட்டிய கத்தியும்கூட. நாடுகளுக்கு இடையே அந்தக் கத்திதான் மிஞ்சும்.

ஐரோப்பாவிலேயே இதன் லட்சணத்தைப் பார்க்கலாம். 2009-ல் அஜர்பைஜானில் இருந்துகொண்டு, பகை நாடான ஆர்மீனியாவின் பாட்டுக்கு ஓட்டுப் போட்டவர்களில் சிலரைப் பாதுகாப்புத் துறை கூப்பிட்டு விசாரித்தது. ஏன் ஆர்மீனியாவுக்குப் போட்டாய் என்று! ஒரு பாட்டு பிடித்தது என்பதற்காக ஒரு மனிதன் போலீஸ் முன்னால் உட்கார வேண்டி வந்தது. டெலிபோன் கம்பெனியிடம் எந்த நம்பரிலிருந்து எந்தப் பாட்டுக்கு ஓட்டு வந்தது என்ற விவரம் இருக்கும்வரை, இது எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். ஆசியாவில் எத்தனை நாடுகளில் நடக்காது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியும்?

சரி, மக்கள் ஓட்டு வேண்டாம், நிபுணர் குழு போடட்டும் என்றால், அதுவும் சந்தி சிரித்த கதைதான். 2022-ல் ஆறு நாடுகளின் நடுவர் குழுக்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது போல மார்க் போட்டிருக்கின்றன என்று சொல்லி ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கமே அந்த மார்க்கை ஒதுக்கித் தள்ளியது.

கணக்கும் உதைக்கிறது. நாட்டுக்கு நாடு சமமான ஓட்டு என்றால், பதினோராயிரம் பேர் அளவில் இருக்கும் துவாலுவின் ஓட்டும் 140 கோடிப் பேரைத் தாண்டிய இந்தியாவின் ஓட்டும் ஒன்று. தலைக்கு ஓர் ஓட்டு என்றால், இந்தியாவும் சீனாவும் சேர்ந்து மற்ற எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவர் "அநியாயம்" என்று கத்துவார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

கொடியைச் சுமக்கும் பாடகர்கள்

இந்த ஆட்டத்தில் அடிபடப் போவது அமைச்சர்கள் இல்லை, இருபது வயதுப் பாடகர்கள்.

2015 நவம்பரில் 'ட்வைஸ்' என்ற கொரியக் குழுவைச் சேர்ந்த சௌ சூயூ என்ற தைவான் பெண் ஒரு கொரிய நிகழ்ச்சியில் கொரியக் கொடியோடு தைவான் கொடியையும் கையில் பிடித்தார். வயது 16. சீனாவில் இணையம் கொதித்தது. நிகழ்ச்சிகள் ரத்தாயின. 2016 ஜனவரியில், தைவான் அதிபர் தேர்தலுக்கு முந்தைய நாள், அந்தச் சிறுமி கேமரா முன் நின்று, கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்து, குனிந்து மன்னிப்புக் கேட்டாள். தான் பிறந்த ஊரின் கொடியைப் பிடித்ததற்கு மன்னிப்பு!

அது பாட்டுப் போட்டிகூட இல்லை, சாதாரண பொழுதுபோக்கு நிகழ்ச்சி. ஒவ்வொரு பாடகருக்கும் கட்டாயமாகக் கொடி கொடுத்து, பெயருக்குக் கீழே நாட்டின் பெயரை எழுதி, மார்க் போடும் ஒரு போட்டியில் தைவான் என்ன பெயரில் வரும்? ஒலிம்பிக்கில் போல 'சீன தைபே' என்றா? பாலஸ்தீனம் வருமா? வந்தால் இஸ்ரேல் வருமா? இஸ்ரேல் பூகோளப்படி ஆசியாவில்தான் இருக்கிறது, ஆனால் பாடுவது ஐரோப்பாவில். 1978-ல் யூரோவிஷனில் இஸ்ரேல் பாடியபோது ஜோர்டான் தொலைக்காட்சி அந்தப் பாட்டுக்குப் பதிலாகப் பூக்களின் படத்தைக் காட்டியது. இஸ்ரேல் ஜெயிப்பது உறுதியானதும் ஒளிபரப்பையே நிறுத்திவிட்டு, பெல்ஜியம் ஜெயித்ததாகச் செய்தி சொன்னது. சிரிப்புதான் வருகிறது, ஆனால் நடந்த விஷயம். 2005-ல் லெபனான் பாடகரைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, இஸ்ரேல் பாட்டை ஒளிபரப்ப முடியாது என்பதால் விலகிக்கொண்டது.

இன்னும் அடிப்படையான கேள்வி: எல்லா நாட்டிலும் பாட முடியுமா? ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு ஆண்கள் இருக்கும் அவையில் ஒரு பெண் தனியாகப் பாடத் தடை. ஆப்கானிஸ்தானில் 2021-ல் தாலிபான் திரும்பி வந்ததும் இசைப் பள்ளிக்கூடத்து மாணவர்களும் ஆசிரியர்களும் நாட்டை விட்டு ஓடிப் போர்ச்சுகலில் அடைக்கலம் தேடினார்கள். 2023-ல் ஹெராத்தில் இசைக்கருவிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். இந்த நாடுகளை அழைத்தால், யார் குரலை "நாட்டின் குரல்" என்று மேடையேற்றுவது? அழைக்காவிட்டால், வாயடைக்கப்பட்டவர்களைப் போட்டியும் சேர்ந்து வாயடைத்தது போல ஆகாதா?

"அரசியலை வெளியே வைப்போம், இது வெறும் இசை" என்பது யூரோவிஷன்காரர்களின் பழைய பல்லவி. 2022-ல் உக்ரைன் போரால் ரஷ்யாவை வெளியேற்றினார்கள். அது சரியான முடிவாகவே இருக்கட்டும், ஆனால் அரசியல் முடிவுதானே? உடனே ரஷ்யா என்ன செய்தது? பழைய சோவியத் காலத்து 'இன்டர்விஷன்' போட்டியைத் தூசி தட்டி எடுத்தது. 2025 செப்டம்பர் 20 அன்று மாஸ்கோவில் நடத்தியது. சீனா, இந்தியா உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பாடகர்கள் போனார்கள். வியட்நாம் ஜெயித்தது. இதே 2025 டிசம்பரில், இஸ்ரேலை அனுமதித்ததை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் 2026 யூரோவிஷனில் கலந்துகொள்ள மாட்டோம் என்று அறிவித்தன. எழுபது வருட அனுபவம் உள்ள புலிக்கே வரி அழிந்துகொண்டிருக்கிறது. பூனை இப்போது போய் சூடு போட்டுக்கொள்ள வேண்டுமா?

யார் வீட்டுப் பணம்?

ஜெயித்த நாடு அடுத்த போட்டியை நடத்த வேண்டும். இதுதான் யூரோவிஷன் மரபு. 1971-ல் குட்டி நாடான மொனாக்கோ ஜெயித்தது. அதனால் நடத்த முடியவில்லை. 1972 போட்டி ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போனது. பசிபிக்கில் மொனாக்கோவைவிடக் கையில் காசு குறைந்த நாடுகள்தான் அதிகம். நவூருவோ கிரிபாட்டியோ தப்பித் தவறி ஜெயித்துவிட்டால் என்ன செய்வார்கள்? கடல் மட்டம் உயர்ந்து மண் போய்க்கொண்டிருக்கும் தீவில் லேசர் விளக்கு அரங்கம் கட்டுவார்களா?

பணம் இருக்கிற நாடு கட்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2011-ல் ஜெயித்த அஜர்பைஜான் 2012-ல் பாகு நகரத்தில் கிரிஸ்டல் ஹால் என்ற பளபளக்கும் அரங்கத்தில் போட்டியை நடத்தியது. அந்த அரங்கத்தை ஒட்டிய பகுதியில் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு வீடுகள் இடிக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு பதிவு செய்திருக்கிறது. டிவியில் தெரிந்தது வாணவேடிக்கை. வீடு போனவர்களை எந்தக் கேமராவும் க்ளோசப்பில் காட்டவில்லை. காமன்வெல்த் விளையாட்டுக்காக 2010-ல் டெல்லியில் குடிசைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடிகாரமும் ஒத்துழைக்காது. டெல்லியில் இரவு எட்டு மணிக்கு நேரடி ஒளிபரப்பு ஆரம்பித்தால் சியோலில் பதினொன்றரை, ஃபிஜியில் விடியற்காலை இரண்டரை, சமோவாவில் மூன்றரை. துருக்கியில் மாலை ஐந்தரைதான். "ஒரே நேரத்தில் ஒன்றாகப் பார்க்கும் குடும்பம்" என்பதில் பாதிக் குடும்பம் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்!

கடைசியில் மிஞ்சுவது ஆங்கிலம்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. யூரோவிஷனில் பல வருடங்கள், அவரவர் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி இருந்தது. 1999-ல் அதை எடுத்தார்கள். விளைவு? 1999 முதல் 2016 வரை நடந்த பதினெட்டுப் போட்டிகளில், ஆங்கிலமே இல்லாத ஒரு பாட்டு ஜெயித்தது ஒரே ஒரு முறை. 2007-ல் செர்பியா. துருக்கி ஜெயித்ததும் (2003) ஆங்கிலப் பாட்டில், அஜர்பைஜான் ஜெயித்ததும் ஆங்கிலப் பாட்டில்.

யாரும் துப்பாக்கி காட்டி ஆங்கிலத்தில் பாடச் சொல்லவில்லை. ஜெயிக்க வேண்டும் என்றதும் அவர்களாகவே போனார்கள். எல்லா நாட்டாருக்கும் ஒரே தடவையில், மூன்றே நிமிடத்தில் பிடிக்க வேண்டும் என்றால் மூலைகளைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டியதுதான். ஒரு ராக ஆலாபனைக்கு மூன்று நிமிடம் எந்த மூலைக்கு? ஜாவாவின் கேமலான் இசைக்கருவிகளின் சுருதி பியானோவின் சுருதியோடு ஒத்துப்போகாது. மங்கோலியாவின் தொண்டைப் பாட்டை முதல் தடவை கேட்பவருக்கு அது பழகவே மூன்று நிமிடம் ஆகும். இதெல்லாம் போட்டியில் என்ன ஆகும்? பாட்டுக்கு நடுவே பத்து விநாடி ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ள வைப்பார்கள். மற்றதெல்லாம் ஒரே தாளம், ஒரே பீட்.

"சின்ன நாடுகளுக்கு ஒரு மேடை வேண்டாமா?"

எதிர்த்தரப்பின் நல்ல வாதம் இதுதான், மதிக்க வேண்டிய வாதம். பூட்டானின் பாட்டையும் டோங்காவின் பாட்டையும் யார் கேட்கிறார்கள்? போட்டி என்று ஒன்று இருந்தால்தானே எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

மேடை வேண்டும். ஆனால் மேடைக்கு ஏன் மார்க் பலகை வேண்டும்? பசிபிக் தீவுகள் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டன. 1972-ல் ஃபிஜியின் சுவாவில் பசிபிக் கலை விழா ஆரம்பமானது. நான்கு வருடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் ஒரு தீவில். தொற்றுநோயால் தள்ளிப்போன விழா 2024-ல் ஹவாயில் நடந்தது. பாட்டு, ஆட்டம், பாய் முடைவது, பச்சை குத்துவது, நட்சத்திரம் பார்த்துப் படகு செலுத்துவது எல்லாம் உண்டு. முதல் பரிசு கிடையாது. யாரும் அழுதுகொண்டே ஊருக்குத் திரும்புவதில்லை.

ஆசியாவிலும் இருக்கிறது. ஆசிய பசிபிக் ஒலிபரப்புச் சங்கம் 2012-ல் சியோலில் தொலைக்காட்சிப் பாட்டு விழாவை ஆரம்பித்தது. பதினோரு நாடுகள் பாடின. அதுவும் போட்டி இல்லை, விழா. பிறகு ஹனோய், மக்காவ், இஸ்தான்புல், பாலி என்று ஊர் ஊராகப் போனது. "அதை யாரும் பார்க்கவில்லையே" என்றால், பார்க்க வைக்க என்ன முயற்சி எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். கலவரம் இருந்தால்தான் கூட்டம் வரும் என்பது நிகழ்ச்சித் தயாரிப்பாளரின் நியாயம், அதைப் பாட்டின் நியாயமாக ஆக்கக் கூடாது.

அதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. ஆசியாவின் பாட்டுகள் எந்தப் போட்டிக்காகவும் காத்திருக்கவில்லை. 1940-ல் ஜாவாவில் கேசாங் என்ற மனிதர் சோலோ நதியைப் பற்றி 'பெங்காவான் சோலோ' என்று ஒரு பாட்டு எழுதினார். போரின்போது ஜாவாவுக்கு வந்த ஜப்பானியச் சிப்பாய்கள் அந்தப் பாட்டை மனசில் சுமந்துகொண்டு ஊருக்குப் போனார்கள். ஜப்பானிய மொழியில் வந்தது, சீன மொழியில் வந்தது, தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியது. ஆக்கிரமிக்க வந்தவனின் வாயிலும் ஏறி உட்கார்ந்த பாட்டு! எந்த ஓட்டில் ஜெயித்தது அது? 2021-ல் யொஹானி பாடிய 'மெனிகே மகே ஹிதே' என்ற சிங்களப் பாட்டு இந்தியாவில் பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தது. அதற்கு அர்த்தம் தெரியாத தமிழர்களும் முணுமுணுத்தார்கள். அதை "இலங்கையின் அதிகாரப்பூர்வப் பாட்டு, இதற்கு ஓட்டுப் போடுங்கள்" என்று கொடியோடு கொண்டு வந்திருந்தால் எத்தனை பேர் முணுமுணுத்திருப்பார்கள்?

பாட்டில் கொடியை நட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2007-ல் நடந்ததே போதும். 'ராசா சாயாங்' என்ற நாட்டுப்புறப் பாட்டை மலேசியா தன் சுற்றுலா விளம்பரத்தில் போட்டது. "எங்கள் பாட்டைத் திருடிவிட்டார்கள்" என்று இந்தோனேசியாவில் அரசியல்வாதிகள் கொந்தளித்தார்கள். தலைமுறைகளாக இரண்டு கரையிலும் பாட்டிமார்கள் பேரக்குழந்தைகளுக்குப் பாடிய பாட்டு அது. பாடும்வரை இருவருக்கும் சொந்தம். உரிமை கொண்டாட ஆரம்பித்ததும் சண்டை.

கற்பனையில் இருக்கட்டும்

உலகம் முழுக்க யூரோவிஷன் ரசிகர்கள் தங்களுக்குள் கற்பனைப் போட்டிகள் நடத்துகிறார்கள். ஒருவர் மங்கோலியா, ஒருவர் சமோவா என்று நாடுகளை எடுத்துக்கொண்டு, தேடித் தேடி அந்த ஊர்ப் பாட்டைக் கண்டுபிடித்து, தாங்களே மார்க் போட்டு, தாங்களே கோப்பை கொடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம். ஆனால் அசல் திட்டத்தைவிட அது எவ்வளவோ மேல். அங்கே இடிக்க வீடு இல்லை, விசாரிக்க போலீஸ் இல்லை, மன்னிப்புக் கேட்க ஒரு சிறுமி இல்லை. சமோவாவுக்காக வாதாடுபவர் சமோவாக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, பாட்டு பிடித்திருந்தால் போதும். அசல் போட்டியில் சொந்த நாட்டுக்காகக் கத்துவார்கள். கற்பனைப் போட்டியில் அடுத்த நாட்டுப் பாட்டுக்காக மெனக்கெடுகிறார்கள். இதில் எது ஒற்றுமை?

ஆகவே, கோடிகளைக் கொட்டி இன்னொரு யூரோவிஷனைக் கட்ட நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் கால்வாசியை வேறு விதமாகச் செலவழிக்கட்டும். அழிந்துகொண்டிருக்கும் மொழிகளின் பாட்டுகளைப் பதிவு செய்யட்டும். அடுத்த நாட்டுப் பாடகருக்குச் சுலபமாக விசா கொடுக்கட்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பக்கத்து நாட்டுப் பாட்டை ரேடியோவிலும் டிவியிலும் போடட்டும். 1952-ல் எந்த அரசும் கேட்டுக்கொள்ளாமலே கொழும்பு அலைவரிசை செய்த வேலை அது.

பாட்டுக்குப் பாஸ்போர்ட் தேவைப்பட்டதில்லை. போட்டி என்ற பெயரில் அதன் கையில் ஒன்றைத் திணித்து, எல்லையில் நிற்க வைத்து முத்திரை குத்தாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.